சிங்கப்பூர் மூப்படைகிறது: குறைவது காசா, ஆளா?

என்னிடம் வந்த கேள்வி இது: “சிங்கப்பூரில் மூத்தோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்று தினமும் செய்தி வருகிறது. இதனால் நம் பொருளாதாரத்துக்கும் சமூகத்துக்கும் உண்மையில் என்ன ஆகும்? எனக்கு 29 வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவுக்கு 63, அம்மாவுக்கு 60. இனி என் சம்பளத்திலிருந்துதான் எல்லாருக்கும் பென்ஷன் போகப்போகிறதா?”

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இல்லை தம்பி, உங்கள் சம்பளத்திலிருந்து அப்படி யாருக்கும் பென்ஷன் போகாது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இன்று வேலை செய்பவர் கட்டும் பணம்தான் பெரும்பாலும் இன்று ஓய்வில் இருப்பவருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் குறைந்தால் கணக்கு உதைக்கும். நம்மூர் ஏற்பாடு வேறு. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதியில் (சிபிஎஃப்) அவரவர் பணம் அவரவர் கணக்கில் கிடக்கிறது. 55 வயது வரை மாதச் சம்பளத்துக்கு 37 விழுக்காடு, அதில் 20 உங்களுடையது, 17 முதலாளியுடையது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காக அதில் ஒரு காசும் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் வேறு வாசல் வழியாகச் செலவு வரத்தான் செய்யும். அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிட்டது 2010இல் 3.7 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2019இல் 11.3 பில்லியன். ஒன்பதே ஆண்டில் மூன்று மடங்கு, அதுவும் கொவிட்டுக்கு முன்பே. பொருள் சேவை வரி 7இலிருந்து 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடு ஆனபோது சொல்லப்பட்ட காரணங்களில் முதலில் நின்றது இதுதான். காப்பிக்கடையில் நீங்கள் குடிக்கும் கோப்பி-ஓவின் விலைக்குள் யாரோ ஒரு பாட்டியின் இடுப்பு அறுவை சிகிச்சைக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சரி, அதை விடுங்கள்.

நான் 22 ஆண்டுகளாக மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். வயதானவர் விழுந்து, அடிபட்டு, தேறி வீடு திரும்பும் கட்டத்தில் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவது என் வேலை. அந்த மேசையில் “எவ்வளவு ஆகும்?” என்ற கேள்வி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மானியம் உண்டு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு உண்டு, மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி உண்டு, அதற்கும் மேல் முடியாதவர்களுக்கு வேறு உதவி உண்டு. படிவம் நீளமாக இருக்கும், ஆனால் வழி இருக்கும். அடுத்த கேள்வி “பகலில் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?” அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அண்ணன் தரையைப் பார்ப்பார். தம்பி கைப்பேசியைப் பார்ப்பார். எல்லாரும் கடைசியில் அக்காவைப் பார்ப்பார்கள். மூப்படையும் சிங்கப்பூரைப் பற்றி என்னைக் கேட்டால் நான் அந்த மேசையைத்தான் காட்டுவேன். காசுக்குப் பல ஆண்டுகளாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறோம். ஆளுக்கு அப்படித் திட்டம் போட முடியவில்லை.

எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கரைக்கும் மேல் குழந்தைகள். 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ இயக்கம் வந்தது. 1975இலேயே விகிதம் 2.1க்குக் கீழே இறங்கிவிட்டது. அதாவது ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுகட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் கீழே. 1987இல் ‘வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ’ என்று மாற்றிப் பாடிப் பார்த்தார்கள். 2001இல் குழந்தை போனஸ் வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. 2023இல் விகிதம் 0.97, வரலாற்றில் முதல் முறையாக ஒன்றுக்கும் கீழே. இன்னொரு பக்கம் ஆயுள் கூடியது. சுதந்திரம் அடைந்தபோது பிறந்த குழந்தைக்கு எதிர்பார்த்த ஆயுள் 65 வயதை ஒட்டி. இப்போது 83. இது நல்ல செய்தி என்பதை இந்தப் பேச்சில் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இதோடு சேர்ந்தது 1947க்கும் 1964க்கும் இடையில் பிறந்த பெருங்கூட்டம். அவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் 65ஐத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். குடிமக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் 2014இல் 12.4 விழுக்காடு, 2024இல் 19.9. 2030இல் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். மற்ற நாடுகள் ஐம்பது, நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஏறிய படியை நாம் ஒரே தாவலில் ஏறுகிறோம்.

கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும் என்று நம் பக்கம் சொல்வார்கள். 1970இல் 65 வயதைக் கடந்த ஒருவருக்கு 20லிருந்து 64 வயதுக்குள் பதின்மூன்று பேருக்கு மேல் இருந்தார்கள். 2010இல் ஏழு பேர். 2020இல் நாலே சொச்சம். இப்போது அந்த நாலுக்கும் கீழே வந்துவிட்டோம். புள்ளிவிவரக்காரர்களுக்கு இது ஒரு விகிதம். எனக்கென்னவோ இந்த எண் மண்டாய் தகனச்சாலையில் பாடையருகே நிற்பவர்களை எண்ணிப் பார்ப்பதுபோலவே இருக்கிறது.

வேலைக்கு வருவோம். ஆள் குறைந்தால் இருப்பவர்களை இன்னும் கொஞ்ச நாள் வேலையில் வைத்துக்கொள்வதுதான் எந்த அரசாங்கமும் முதலில் செய்வது. 1993க்கு முன்பு 55 வயதில் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அந்த ஆண்டு சட்டம் வந்து 60 ஆக்கியது. 1999இல் 62. அப்புறம் மறுவேலைவாய்ப்பு என்று ஒன்று வந்தது; ஓய்வு வயது தாண்டினாலும் உடல் ஒத்துழைத்து, வேலையும் ஒழுங்காகச் செய்தால், முதலாளி மீண்டும் வேலை கொடுக்க முன்வர வேண்டும். 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறுவேலை வயது 68. 2026 ஜூலை முதல் 64, 69. 2030க்குள் 65, 70 என்று அறிவித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஒரு காலத்தில் இது நெருப்பாக இருந்தது. 1984இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஹவ் யூன் சோங் தலைமையிலான குழு, சேமநிதிப் பணத்தை 55இல் எடுப்பதை 60க்கும் பின்னர் 65க்கும் தள்ளிவைக்கலாம் என்று பரிந்துரைத்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டு இடங்களை இழந்தது. அந்தப் பரிந்துரையும் ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு வயதை நேரடியாக ஏற்றாமல், பணத்தில் ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவைக்கும் ஏற்பாடு 1987இல் தொடங்கியது. இன்று அது சிபிஎஃப் லைஃப் என்ற பெயரில், 65 வயது முதல் உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் பணம் தரும் திட்டமாக வந்து நிற்கிறது. 2025இல் 55 வயதைத் தொட்டவருக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 213,000 வெள்ளி. அதை வைத்தவருக்கு 65இலிருந்து மாதம் ஏறக்குறைய 1,700 வெள்ளி வரும். பணக்கார வாழ்க்கை இல்லை, ஆனால் கையேந்தவும் வேண்டாம்.

இந்தத் தொகையை எட்டாதவர்களும் இருக்கிறார்கள். நம் சமூகத்தில் அவர்கள் முகம் எனக்குத் தெரியும். செம்பவாங் கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் நாட்கூலிக்கு உழைத்த அப்பாக்கள். ஒருநாளும் சம்பளத்துக்குப் போகாமல் ஆறு பிள்ளைகளை வளர்த்த அம்மாக்கள். அந்த அம்மாவின் சேமநிதிக் கணக்கைத் திறந்தால் பூச்சியம். வாழ்நாள் முழுக்க உழைத்தவர்தான், ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பு. அவர்களுக்காகத்தான் 2016இல் சில்வர் சப்போர்ட் வந்தது, காலாண்டுக்கு ஒருமுறை கையில் ரொக்கம். அதற்கு முன் 2014இல் முன்னோடித் தலைமுறைக்கு மருத்துவச் சலுகைகள், அப்புறம் 1950களில் பிறந்த மெர்டேகா தலைமுறைக்கு. இவை உதவுகின்றன. ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: “இத்தன வருசத்துல என் பேருக்கு லெட்டர் போட்டுக் காசு வந்தது இதான் மொத தடவ.” அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

உணவங்காடியில் மேசை துடைக்கும் 72 வயதுக்காரரைப் பார்த்துப் பாவப்படுகிறோம். சிலர் உண்மையிலேயே முடியாமல்தான் வருகிறார்கள். சிலர் வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வருகிறார்கள். ஆளைக் கேட்காமல் முடிவுகட்டக் கூடாது. இங்கே 65 வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவுக்கு இன்னும் வேலை செய்கிறார்கள், உலக அளவில் இது உயர்ந்த விகிதம். முதலாளிகளின் மனம்தான் சட்டத்தின் வேகத்தில் நகரவில்லை. 58 வயதில் ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்தவருக்கு அடுத்த வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரைக் கேட்டால் தெரியும். பதினோரு மாதம் அலைந்தார். கடைசியில் பாதுகாவலர் வேலை, பழைய சம்பளத்தில் பாதி. வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நம் வீடுகளில் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது யார்? பாட்டி. மருமகள் நிம்மதியாக வேலைக்குப் போவது யாரால்? அதே பாட்டியால். இப்போது அந்தப் பாட்டியை 69 வயது வரை வேலையில் இருக்கச் சொல்கிறோம். பாட்டி வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் மருமகள் இரண்டாவது குழந்தையை யோசிக்கவே மாட்டாள். ஒரே பாட்டியை இரண்டு கணக்கில் வரவு வைக்கிறோம், பொருளாதாரத்துக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. அவருக்கு இருப்பதோ இரண்டே கை. இத்தனைக்கும் அவருடைய 90 வயது மாமியார் உயிரோடு இருந்தால் அதற்கும் அவரேதான்.

இனி அந்த மேசையில் எல்லாரும் பார்த்த அக்காவின் கதைக்கு வருகிறேன். பெரும்பாலும் அவர் 50லிருந்து 60க்குள் இருப்பார். திருமணம் ஆகாதவராக இருந்தால் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். “நீதானே தனியா இருக்கே” என்பார்கள், தனியாக இருப்பவருக்கு வீட்டு வாடகையும் மின்கட்டணமும் கிடையாது என்பதுபோல. முதலில் விடுப்பு எடுப்பார். அப்புறம் பகுதி நேரம். அப்புறம் ராஜினாமா. அன்றிலிருந்து அவருடைய சேமநிதிக் கணக்கில் பணம் ஏறுவது நின்றுவிடும். சம்பளம் உச்சத்தில் இருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. அம்மா போன பிறகு 61 வயதில் வெறுங்கையோடு நிற்பார். அடுத்த தலைமுறையின் ஏழை மூதாட்டியை நாமே இப்படித் தயார் செய்கிறோம். பராமரிப்போருக்கு ஒரு மாத மானியம் இருக்கிறது, 2026 ஏப்ரலுக்கு முன்பு 400 வெள்ளி வரை, அதிலிருந்து 600 வெள்ளி வரை. நன்றி சொல்லித்தான் வாங்க வேண்டும். ஆனால் அது ஒரு சம்பளத்துக்கு ஈடாகாது.

அக்கா வேலையை விடாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு, பணிப்பெண். சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்கள் ஏறக்குறைய 300,000 பேர். வேலைக்கு வைப்பவர் அரசாங்கத்துக்குக் கட்டும் மாத வரி வழக்கமாக 300 வெள்ளி, வீட்டில் 67 வயதைக் கடந்தவர் இருந்தால் 60 வெள்ளிதான். இந்த நாட்டின் முதியோர் பராமரிப்பு உண்மையில் யார் தோளில் நிற்கிறது என்பதற்கு அந்த வரிச் சலுகையே சாட்சி. இந்தோனேசியா, மியன்மார், பிலிப்பீன்ஸ், இலங்கை, தமிழ்நாடு எனப் பல இடங்களிலிருந்து வருகிறார்கள். வாரம் ஒரு நாள் அவர்களுக்கு ஓய்வு. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட்டே ஆக வேண்டும். ரொம்பச் சரியான சட்டம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல வீடுகளில் நடக்கும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன். பாட்டியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படித் தூக்குவது என்று பெற்ற மகனுக்குத் தெரியாது. மியன்மாரிலிருக்கும் தங்கைக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணைப் பாதியில் கூப்பிட்டுக் கேட்பார்.

அவர்கள் அனைவரும் எப்போதும் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது நம் நினைப்பு. தமிழ்நாட்டையே பாருங்கள். இந்தியப் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக மூத்தோர் விகிதம் அதிகம் உள்ள இடங்களில் ஒன்று அது. அங்கும் பிறப்பு விகிதம் 2.1க்குக் கீழே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் பாட்டியைப் பார்க்க வரும் பெண்ணின் பாட்டியை ஊரில் யார் பார்க்கிறார்கள்? இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2000த்துக்குப் பிறகு வேலைக்கு வந்து இங்கேயே குடியேறிவிட்ட தமிழர்களின் அம்மா அப்பா திருச்சியிலோ கும்பகோணத்திலோ தனியாக இருக்கிறார்கள். பெற்றோரை நீண்டகால வருகை அட்டையில் அழைத்து வைத்துக்கொள்ள எம்ப்ளாய்மென்ட் பாஸ் போன்ற வேலை அட்டை வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். அழைத்து வந்தாலும் நாலாவது மாதம் “பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லப்பா, என்னைக் கொண்டுபோய் விட்டுடு” என்பார்கள்.

பேச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்வேன், ஏனென்றால் பொருளாதாரக் கட்டுரைகளில் இது வராது. ஒரு வார்டில் 78 வயதுப் பெரியவர் ஒருவர். முழங்கால் அறுவை முடிந்து இரண்டாம் நாள். தாதி ஆங்கிலத்தில் கேட்கிறார், பக்கத்தில் யாரோ மலாயில் சொல்கிறார்கள்: ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? பெரியவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வலி இல்லம்மா. குடைச்சல்.” முதல் பாதிதான் போய்ச் சேர்ந்தது. வலி இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். இரவெல்லாம் அந்த மனிதர் தூங்கவில்லை. மறுநாள் காலை நான் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

நம் பெரியவர்களுக்கு வலி என்பது ஒன்று, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. ‘விண்விண்ணுனு தெறிக்குது’ என்றால் ஒரு நோய், ‘இழுத்துப் பிடிக்குது’ என்றால் இன்னொன்று. ‘வயிறு ஒரு மாதிரி பண்ணுது’ என்பதை எந்த மொழியில் எப்படிப் பெயர்ப்பீர்கள்? முதுமை மறதிநோய் வந்துவிட்டால் சிக்கல் கூடும். இங்கே 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பின்னால் கற்ற மொழிகள் பலருக்கு முதலில் போகும். நாற்பது வருடம் சந்தையில் மலாய் பேசி வியாபாரம் பார்த்தவர், ஒருநாள் தமிழைத் தவிர எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அதே நேரத்தில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பள்ளிப்பாடமாக மட்டும் இருக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. ஒரே வீட்டில் கீழே ஒரு முனையில் மொழி வந்து சேரவில்லை, மேலே இன்னொரு முனையில் மற்ற மொழிகள் உதிர்கின்றன. நடுவில் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்க்க வேண்டும்.

என் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மியன்மார்ப் பெண் ஒரு சின்னக் கோடுபோட்ட நோட்டு வைத்திருக்கிறாள். அதில் அவள் எழுத்தில் நம் சொற்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, அவள் படித்துக் காட்டினாள்: “கொடச்சல், முட்டி, மழை நாள். எரிச்சல், நெஞ்சு, சாம்பார் சாப்பிட்டா. போர் அடிக்குது, டிவி மாத்து.” யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே சேர்த்தது. நான் இருபது ஆண்டுகளில் கலந்துகொண்ட பயிற்சி வகுப்புகள் பலவற்றைவிட அந்த நோட்டு உருப்படியானது.

தனிமையைப் பற்றி இரண்டு வார்த்தை. அக்கம்பக்கத்தில் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் திறந்திருக்கிறார்கள். கேரம், உடற்பயிற்சி, பிங்கோ எல்லாம் உண்டு. நல்ல இடங்கள். ஆனால் எல்லாரும் மாண்டரினில் சிரிக்கும்போது நம் தாத்தா மட்டும் சிரிப்பு முடிந்த பிறகு சிரிப்பார். இரண்டு வாரம் போவார், மூன்றாவது வாரம் கால்வலி என்பார். தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தால் கால்வலி சரியாகிவிடும். தாத்தா அதுவரை போகும் இடம் கோயில். காலைப் பூசைக்குப் போய், அன்னதானத்துக்கு இருந்து, தெரிந்தவர்களோடு வாசல் திண்டில் உட்கார்ந்து, வெயில் தாழ்ந்ததும் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுபவர்களை நான் நிறைய அறிவேன். அவர்களுடைய பகல் நேரப் பராமரிப்பு நிலையம் அதுதான். பதிவேட்டில் வராது, அவ்வளவுதான்.

வீடு பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. சிங்கப்பூர் மூத்தோரின் சொத்தில் பெரும்பகுதி சுவராக நிற்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடு சொந்தம், கையில் பணம் குறைவு. 99 ஆண்டுக் குத்தகையின் கடைசிப் பகுதியை வீவக-விடமே விற்று, அதே வீட்டில் இருந்துகொண்டு மாத வருமானம் பெறும் திட்டம் 2009இலிருந்து இருக்கிறது. இப்போது எல்லா அளவு வீடுகளுக்கும் உண்டு. கணக்குப்படி நல்ல திட்டம். ஆனால் நம் வீடுகளில் அதை எடுத்தாலே “அப்போ பிள்ளைகளுக்கு?” என்ற கேள்வி வந்துவிடும். பிள்ளை 45 வயதில் சொந்த வீட்டில் இருப்பான், இருந்தாலும் கேள்வி வரும். வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போவதிலும் நமக்கு ஒரு கூடுதல் சங்கடம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. ஒரு புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பியிருந்தால் இந்தியர் அல்லாதவர் தன் வீட்டை இந்தியருக்கு விற்க முடியாது. சில புளோக்குகளில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கும். அங்கே நாம் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருபவர் குறைவார், விலையும் இறங்கும். ஓய்வுக்காலத்துக்கு வீட்டை நம்பியிருந்தவருக்கு அது அடி. இதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. வேறு வழியே இல்லாதவர்களின் வீட்டை வீவக தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது.

நல்ல கட்டடங்களும் வந்துகொண்டிருக்கின்றன. உட்லண்ட்ஸில் 2018இல் திறந்த கம்போங் அட்மிரல்ட்டியில் மேலே மூத்தோர் வீடுகள், கீழே உணவங்காடி, நடுவில் மருத்துவ நிலையமும் பாலர் பள்ளியும். அந்த ஆண்டு உலக அளவில் சிறந்த கட்டடம் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. சுவர்களை நம்மால் அழகாகக் கட்ட முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்பார்கள். நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்ட்டர் வூன் கொண்டுவந்த மசோதா, 1995இல் நிறைவேறியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத 60 வயதைக் கடந்தவர் பிள்ளைகளிடம் மாதப் பணம் கேட்கலாம். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் நடுவர் மன்றம். என் மேசைக்கு வந்த தமிழ்ப் பெற்றோரில் இதைச் சொன்னால் முகம் மாறாதவர்கள் குறைவு. “பெத்த புள்ள மேல கேஸா?” என்று எழுந்து போன ஒரு அம்மா, கதவருகே நின்று, “அவனுக்கு லெட்டர் மட்டும் போட முடியுமா, கேஸ் இல்லாம?” என்று கேட்டார். சட்டத்தால் மாதம் 300 வெள்ளி வாங்கித் தர முடியும். பிள்ளையைச் சனிக்கிழமை வந்து பார்க்கவைக்க முடியாது. அந்த அம்மா கேட்டது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் சரி, நான் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவும் அம்மாவும் தெளிவாக இருக்கும்போதே அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமையை உங்களுக்குத் தரும் எல்பிஏ என்கிற அதிகாரப் பத்திரத்தைப் போட்டுவிடுங்கள். நினைவு தப்பிய பிறகு அவர்களால் கையெழுத்துப் போட முடியாது. வங்கிக் கணக்கைத் தொடக்கூட நீங்கள் நீதிமன்றம் போக வேண்டிவரும். நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃபில் அவர்களுடைய நிலவரத்தைப் பாருங்கள். 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அது கட்டாயமில்லை, அதனால் சேர்ந்திருக்கிறார்களா என்றே பலருக்குத் தெரியாது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல் போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தனியாகச் செய்ய முடியாமல் போனால்தான் அந்தப் பணம் வரும். நீரிழிவு நம் சமூகத்தில் அதிகம், அதனால் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே மருத்துவரிடம் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். காலில் வரும் சின்னப் புண்ணை அசட்டை செய்து விரலையே இழந்தவர்களை நான் எண்ணி முடியாது. அப்பாவுக்குப் பிடித்த வேலை இருந்தால் விடச் சொல்லாதீர்கள். அம்மாவை இரண்டு கணக்கில் வரவு வைக்காதீர்கள். கட்டிலிலிருந்து ஒருவரைத் தூக்கி உட்கார வைப்பது எப்படி என்று இப்போதே ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள், அரை நாள் வகுப்புதான்.

ஒரே பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் யார் யார் எந்தப் பேட்டையில் இருக்கிறார்கள் என்று தெரியுமா? தீபாவளிக்கு மட்டும் இல்லாமல் நடுவிலும் போய்ப் பாருங்கள். அவர்களும் இதே வயதில் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.